மாவுப் பசையில் நின்ற கொம்பு

நட்டுக்குத்தலாக நிற்கும் எதையும் ஜியாங் ஷூமாவ் படுக்க வைத்துவிடுவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வந்திருக்கிறேன். மேல்மாடியிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தால், மேசைமேல் குவளையில் நிற்கும் சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்துப் பக்கத்தில் கிடத்துவார். என் டப்பாவில் நிற்கும் பேனாக்களைக் கிடத்துவார். மாடிப்படியில் சுவரோரம் சாய்த்து வைத்த குடையைக்கூட விடமாட்டார். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கை பாட்டுக்கு வேலை செய்யும். அவர் போனபிறகு அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி நிறுத்துவாள்.

"இந்த மனுஷன் வந்துட்டுப் போனா வீடே மல்லாந்து கிடக்குது" என்பாள்.

வேடிக்கை என்னவென்றால், நிமிர்த்தி நிறுத்துவதுதான் அவருடைய தொழில்.

எங்கள் ஊரான லாய்யாங்கின் கிழக்கு ஓரத்தில், பேரிக்காய்களை அடுக்கி வைக்கும் குளிர்க் கிடங்குக்குப் பக்கத்தில், லுவான் முதலாளியம்மாவின் பட்டறை இருக்கிறது. எங்கள் மண்ணில் கிடைத்த கொம்பு டைனோசரின் சின்ன உருவங்களை அங்கே வார்க்கிறார்கள். அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு சாண் நீளம். வாத்து போலத் தட்டை வாய், இலை தழை தின்று பெருத்த வயிறு, இரண்டு கண்களுக்கும் நடுவே நெட்டாக ஒரு கொம்பு. புத்தகத்தில் அதற்குப் பெயர் முள்மூக்குச் சிங்தாவ் டிராகன். தோண்டியது லாய்யாங்கில், பெயர் மட்டும் சிங்தாவ் நகரத்துக்கு. எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. "பெத்தவ இங்க கிடக்கா, பேரு மட்டும் பட்டணத்துக்காரிக்கா?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அது கொம்பன். அவ்வளவுதான்.

உடம்போடு சேர்த்து வார்த்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே கொம்பு முறிந்துவிடும். அதனால் அதைத் தனியாக வார்ப்பார்கள். நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம். மூக்கின்மேல் இருக்கும் ஊசித்துளையில் ஒரு சொட்டுப் பசை விட்டு, கொம்பை நட்டு, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். அதுதான் ஷூமாவ் பெரியப்பாவின் வேலை. அவருக்கு அடுத்த இருக்கையில் அம்மா உட்கார்ந்து முதுகில் வரிகள் தீட்டுவாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். அவருக்கு இடது பக்கத் தட்டுகளில் கொம்பில்லாத கூட்டம், வலது பக்கத் தட்டுகளில் கொம்பு முளைத்த கூட்டம். பிற்பகல் வெயில் சன்னலில் சாய்ந்து வரும்போது கிடங்கிலிருந்து பேரிக்காய் வாசம் உள்ளே நுழையும். மின்விசிறிக் காற்றில் எல்லா டைனோசர்களும் கொஞ்சம் மூச்சு விடுவதுபோல இருக்கும். வீட்டுப்பாடத்தின்மேல் தலை சாய்த்துத் தூங்கிப்போவேன். விழித்துப் பார்த்தால், அவர் விரலிடுக்கில் ஒரு கொம்பு இருக்கும். கண் மட்டும் எங்கோ போயிருக்கும்.

"எங்க போயிட்டு வர்றீங்க, பெரியப்பா?"

"ஆத்துக்கு."

"எதுக்கு?"

"தண்ணி குடிக்க வருதுல்ல, பாத்துட்டு வரேன். முப்பது எண்ணுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். நூறு, நூத்தம்பது இருக்கும். முன்னாடி போறது மூக்கால ஒரு சத்தம் குடுக்கும். கப்பல் சங்கு மாதிரி. அதக் கேட்டு பின்னாடி வர்றதெல்லாம் ஒவ்வொண்ணா..."

"யாரு சொன்னா இதெல்லாம்?"

அடுத்த கொம்பை எடுத்துக்கொள்வார்.

அம்மா தூரிகையை நிறுத்தாமலே சொல்வாள்: "அண்ணே, அதுங்க தண்ணி குடிச்சது போதும். என் தட்டு காலியா கிடக்குது."

என் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான்தான். நிலவியல் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் அந்த முப்பது எண்ணிக்கைகளைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. சேர்க்கை நேரத்தில் கேட்டவர்களிடம் வேலை வாய்ப்பு என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு நாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அன்றைக்குத்தான் முதலாளியம்மா புது மாதிரியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கொம்பன்தான், ஆனால் கொம்பு இல்லை. மூக்கு நுனியிலிருந்து உச்சந்தலை வரைக்கும் அகலமாக, மேல்நோக்கி வளைந்த ஒரு கொண்டை. உடம்போடு ஒட்டாக வார்த்தது.

"அருங்காட்சியகத்துல இனிமே இப்படித்தான் வேணுமாம். ஆராய்ச்சில மாத்திட்டாங்களாம்" என்றார் முதலாளியம்மா. "ஷூமாவ் அண்ணே, உங்க விரலுக்கு விடுதலை. இனிமே கொம்பே கிடையாது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பதினான்கு வருஷம் ஒரே வேலையைச் செய்த மனிதர். கையிலிருந்த கொம்பைப் பசையோடு மேசைமேல் வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

"எத?"

அவர் எழுந்து, தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

"வேலை போயிடும்னு பயந்துட்டாரு பாவம்" என்றாள் அம்மா.

"வேலை எங்க போவுது? பெட்டி அடுக்க ஆள் கிடைக்காம நான் நாயா அலையறேன்" என்றார் முதலாளியம்மா.

மறுநாள் காலை, பெரியப்பா மாடிப்படி அடியில் எனக்காகக் காத்திருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆற்றங்கரைப் பேரித்தோப்பு வரை என்னைக் கூட்டிப் போனார். பாதி காய்த்த மரங்கள், காகிதப் பை கட்டிய காய்கள். ஒரு மரத்தடியில் குந்தினார். நானும் குந்தினேன்.

"ஷியாவ்மான், உங்க படிப்புல இதெல்லாம் வருமா? எலும்புல பசை இருந்தா தெரிஞ்சிடுமா?"

"என்ன பசை?"

"கோதுமை மாவுப் பசை. அறுவது வருஷத்துக்கு மேல ஆனாக்கூடத் தெரியுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் சொன்னார்.

அவருடைய அப்பா ஜியாங் ஃபூதியான், ஜின்காங்கோவ் கிராமத்துக்காரர். எலும்பு தோண்ட வெளியூர்க்காரர்கள் வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. காவடிக் கம்பில் இரண்டு கூடை கட்டி, ஓடைச் சரிவிலிருந்து எலும்பு பதிந்த மண்கட்டிகளைச் சுமந்து கீழே கொண்டுவருவது அவர் வேலை. ஒரு நாள் மழை ஈரத்தில் கால் வழுக்கியது. கூடையிலிருந்த மண்டையோட்டுக் கட்டி விரிந்து, உள்ளேயிருந்து நீளமாக ஒரு எலும்பு கழன்று விழுந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. எலும்புகளின்மேல் சாக்குத் துணி சுற்றி ஒட்டுவதற்காகக் காய்ச்சிய மாவுப் பசைச் சட்டி பக்கத்தில் இருந்தது. அதில் ஒரு கை அள்ளி, எலும்பு எங்கிருந்து கழன்றது என்று தெரியாமல், கண்ணுக்குப் பட்ட குழியில் அதை நெட்டாக நட்டு, மேலே துணியைச் சுற்றிவிட்டார். பயத்தில் மிச்சப் பசையை வழித்துத் தின்றும்விட்டார். அந்த வருஷம் கோதுமை மாவைப் பார்ப்பதே அபூர்வம்.

சில வருஷம் கழித்துச் சந்தையில் ஒரு படம் பார்த்தார். பெரிய டைனோசர், தலையில் நெட்டாக ஒரு கொம்பு. அதற்குக் கொம்பை வைத்துத்தான் பெயரே வைத்திருந்தார்கள்.

"அப்பா அங்கயே ஒக்காந்துட்டாராம். செத்தவனுக்குப் படைச்ச சோத்துல குச்சிய நட்ட மாதிரி நட்டுட்டேன்டா, அது அப்படியே ஊரு பூரா நிக்குதேடான்னு சொன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"நான் பட்டறையில சேந்து, மொதக் கொம்பன வீட்டுக்குக் கொண்டுபோன அன்னைக்கு. அது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. மத்ததெல்லாம் சொல்வாரு. சரிவு, கூடை, கூட்டமா ஆத்துக்கு வர்றது, மூக்கால ஊதுறது... அதெல்லாம் அவராக் கட்டுனதுதான். ஆனா ஊர்ப் புள்ளைங்க பூரா அவரு வாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கும். நான் கொம்பனக் கையில குடுத்ததும் அதத் தடவித் தடவிப் பாத்துட்டு இதச் சொன்னாரு. பெருமையா சொன்னாரா, அழுதாரான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கீழே கிடந்த ஒரு பிஞ்சை எடுத்துத் தோலை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா தூக்கின எலும்புன்னு பட்டறை பூரா சொல்லி வச்சிருந்தேன். அந்தக் கோவம். நீ ஒட்டுன பொய்யத்தான் இனிமே நான் தெனமும் ஒட்டணுமா, இந்தக் கதைய இனி வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லாதேன்னு கத்திட்டேன். சொல்லல. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் இருந்தாரு. எதையுமே சொல்லல. ஆத்துக்கு வர்றதையும் சொல்லல. புள்ளைங்க கேட்டா, மறந்துபோச்சுடான்னுடுவாரு."

அப்போதுதான் எனக்கு அந்தக் குச்சிகளும் பேனாக்களும் குடையும் புரிந்தன. பட்டறையில் நிறுத்தியதற்கு வீடுகளில் படுக்கவைத்து ஈடு செய்துகொண்டிருந்திருக்கிறார்.

எனக்குப் பதில் தெரியும். அதுதான் அன்றைக்கு என்னைப் படபடக்க வைத்தது. இரண்டு ஆண்டுகளாக நான் படித்ததில் எங்கள் கட்டடத்துக்காரர் யாருக்கும் உபயோகமான ஒரு வரிகூட இருந்ததில்லை. அம்மாவின் மூட்டு வலிக்கு அது உதவாது. எங்கள் வீட்டுக் குழாய் அடைப்புக்கும் உதவாது. முதல் தடவையாக, ஒருவருக்குத் தேவையான ஒன்று என் கையில் இருந்தது. அவசர அவசரமாகச் சொன்னேன்.

"பெரியப்பா, இன்னொரு மண்டையோட்டுத் துண்டு இருக்கு. இங்கயே கிடைச்சதுதான். அதே இனம்தான், ஆனா வேற ஒரு விலங்கோடது. அதுலயும் அதே எலும்பு, அதே எடத்துல, அதே மாதிரி நெட்டாத்தான் நிக்குது. அதுக்கு யாரும் பசை போடல."

"நெட்டாவா?"

"நெட்டாத்தான். உங்கப்பா கழண்டத எடுத்து, அது இருந்த எடத்துலயே திருப்பி வச்சிருக்காரு. சரியா வச்சிருக்காரு."

"அப்ப இந்தப் புது மாதிரி?"

"கொம்பு பொய்யில்ல. அது முழுசா இல்ல, அவ்வளவுதான். ஒரு பெரிய கொண்டையோட பின்பக்கத் தூண் அது. முன்பக்கம் ஒடைஞ்சு தொலைஞ்சு போச்சு. தூண் மட்டும் மிஞ்சினதால கொம்புன்னு நெனச்சிட்டாங்க. இப்போ மிச்சத்தையும் சேத்து வரையறாங்க."

"சரியா வச்சாரா?" என்று கேட்டார்.

"ஆமா."

"சரியாத்தான் வச்சாரா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்தபடி, மெதுவாக, விரல் மடக்கி எண்ணினார்.

"அவரு போயி ஒம்பது வருஷம் ஆச்சு" என்றார்.

கூடையில் பரிசு கொண்டுவந்ததுபோல நான் கொண்டுவந்த செய்தி அவர் மடியில் பாறாங்கல்லாக உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். அப்பா பொய்யர் என்றிருந்தவரைக்கும் அவர் கத்தியதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்வதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். யாருக்கு, எப்போது என்பதையும் அதில் எங்காவது சொல்லிக்கொடுத்தார்களா என்று என் குறிப்பேடுகளைப் புரட்டினால் கிடைக்காது.

அதற்குப் பிறகு அவர் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாறினார். நான் கல்லூரிக்குத் திரும்பினேன். குளிர்கால விடுமுறைக்கு வந்தபோது, படிக்கட்டில் ஒரு கனவைச் சொன்னார்.

"முன்னாடியெல்லாம் கனவுல கொம்பில்லாம வருங்க. வரிசையா வந்து நின்னு, என் கையையே பாத்துக்கிட்டிருக்கும். நான் பசை சட்டியத் தேடிக்கிட்டே இருப்பேன். இப்போ கொண்டையோட வருதுங்க. என்னைப் பாக்கிறதே இல்ல. பனி மாதிரி ஒரு வெளிச்சம். பேரிப்பூ பூத்த மாதிரியும் இருக்கு, பனி மாதிரியும் இருக்கு. அதுக்குள்ள பூந்து ஆத்துக்கு எறங்கிப் போகுதுங்க. ஒண்ணு ஊதும், மத்ததெல்லாம் ஊதும். நெஞ்சுக்குள்ள கேக்குது அந்தச் சத்தம். அதுங்க காலுக்கு நடுவுல எங்கப்பா காவடியோட போறாரு. கட்டைவிரல் ஒசரம். ஒண்ணுக்கு முப்பத்தஞ்சுன்னா மனுஷன் அவ்வளவுதான வருவான்? நான் கூப்புடறேன். என் சத்தம் அவரு காதுல விழல."

"திரும்பிப் பாக்கலயா?"

"பாக்கல. ஆனா மிதிபடாம நடக்குறாரு. அது தெரியுது."

அதற்குள் மேல்மாடியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "கனவச் சொல்லி முடிச்சாச்சுன்னா மாவு மூட்டையத் தூக்கிட்டு வாங்க! புத்தாண்டுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு நெனப்பு?"

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சிங்மிங்குக்கு அப்பா கல்லறைக்குப் போறப்ப சொல்லிடப் போறேன். மண்டி போட்டுச் சொல்லணும். நீயும் வா. ஆராய்ச்சி பத்தி எதுனா கேட்டாருன்னா எனக்குச் சொல்லத் தெரியாது."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

கல்லறை கும்பிடும் வசந்தத் திருநாளான சிங்மிங்கின் மூன்று நாள் விடுமுறைக்கு வந்தேன். கல்லறைகள் ஜின்காங்கோவ் ஊருக்கு மேலே, தோண்டிய ஓடைக்கு எதிர்ச்சரிவில் இருக்கின்றன. பெரியப்பாவும் பெரியம்மாவும் நானும் போனோம். பேரி மொட்டுகள் வெடிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. பெரியம்மா பேரீச்சை குத்திய பெரிய ஆவி ரொட்டியும் பேரிக்காயும் படைத்தார். பெரியப்பா களை பிடுங்கினார், மேட்டுக்குப் புது மண் போட்டார், இறந்தவருக்கான காகிதப் பணத்தை எரித்தார், சோளச் சாராயத்தை மண்ணில் ஊற்றினார். பிறகு மண்டியிட்டார்.

"அப்பா" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"அப்பா, இந்த வருஷம் குளிர் அதிகம். மேட்டுத் தோப்புல நாலு மரம் பட்டுப்போச்சு. நம்ம பக்கத்து வீட்டு இடத்துல தார் ரோடு போடறாங்க. என்னை இப்போ பெட்டி அடுக்க விட்டிருக்காங்க, ஒக்காந்துக்கிட்டே செய்யற வேலைதான். உங்க மருமக குய்லான் நல்லா இருக்கா, மூட்டுதான் கொஞ்சம். ஓடையில தண்ணி இல்ல..."

பேசிக்கொண்டே போனார். தார் ரோட்டின் அகலம், நாய் செத்தது, பேரனின் பல். காகிதம் எரிந்து சாம்பலாகி, சாம்பல் எதிர்ச்சரிவை நோக்கிப் பறக்கும்வரை பேசினார். பிறகு மூன்று தடவை நெற்றியை மண்ணில் வைத்து எடுத்து, எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

இறங்கும்போது கேட்டேன். "சொல்லலையே, பெரியப்பா?"

"பொகை கண்ணுல பட்டுடுச்சு."

பத்தடி நடந்த பிறகு நின்றார்.

"தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுத்தான அஞ்சு வருஷம் வாய மூடிக்கிட்டாரு. இப்போ போயி, நீங்க ஒண்ணும் பண்ணல, சரியாத்தான் வச்சீங்கன்னு சொன்னா, அப்ப அந்த அஞ்சு வருஷம் எதுக்குன்னு கேப்பாருல்ல? அதுக்கு நான் என்ன சொல்ல? அதுக்கு ஆராய்ச்சில எதுனா இருக்கா?"

"இல்ல."

"அடுத்த வருஷம் சொல்லிடறேன். அதுக்குள்ள வார்த்தைய யோசிச்சு வைக்கிறேன்."

அடுத்த சிங்மிங்குக்கு அவர் யாந்தாய் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் குழாயோடு படுத்திருந்தார். நான் பார்க்கப் போனபோது, வார்த்தையை யோசித்துவிட்டதாகச் சைகை காட்டினார். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது அல்ல என்று பட்டது. பேரிக்காய் அறுவடை முடிந்து, காகிதப் பைகளை எல்லோரும் எரித்துக்கொண்டிருந்த வாரத்தில் இறந்துபோனார்.

இப்போது நான் இங்கேயே அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டையைக் காட்டி, முன்பு ஏன் கொம்பு என்று நினைத்தார்கள் என்று விளக்குவது என் வேலை. பசைச் சட்டியைப் பற்றிச் சொல்வதில்லை. அது அதற்கு உரியவர்களோடு போய்விட்டது.

போன சிங்மிங்குக்கு நானும் அம்மாவும் பெரியம்மாவோடு சரிவுக்குப் போனோம். அப்பாவின் மேட்டுக்கு இரண்டடி கீழே மகனின் மேடு. அம்மா மூச்சு வாங்கியபடி, "இப்பத்தான் ரெண்டு பேரும் பக்கத்துல இருக்காங்களே. எல்லாம் பேசித் தீத்திருப்பாங்க" என்றாள்.

"யாரு, அவரா?" என்றார் பெரியம்மா. "உசிரோட இருந்தப்ப ரெண்டு வார்த்தைய வருஷக்கணக்கா மென்னுக்கிட்டே இருந்தவரு. மண்ணுக்குள்ள போயா பேசப் போறாரு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன்டி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒரே மூச்சுல சொல்லிடலாம்."

சொல்லிவிடலாம்தான். மேல் மேட்டின் முன்னால் மண்டியிட்டேன். சாராயத்தை ஊற்றினேன். வாயில் அந்த வரி தயாராக இருந்தது: நீங்கள் சரியாகத்தான் வைத்தீர்கள். ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது: நான் அன்றைக்குக் கத்தியது தப்பு. அதை நான் சொன்னால் அது யாருடைய குரலாகவும் இருக்காது. கத்தியது நான் இல்லையே.

எழுந்துகொண்டேன். பெரியம்மா ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். தின்றுகொண்டே மூன்று பேரும் சரிவில் இறங்கினோம்.